இன்னொரு 35 ஆண்டுகளை இழக்க வேண்டாம்

1977 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. திரைப்படத்துக்காகப் பணம் பெற்றுக்கொண்டு ஒருவர் பாட்டு எழுதினாலும் மெட்டமைத்தாலும், வேறு விதமாக ஒப்பந்தம் போட்டிருந்தாலொழிய, அதன் முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்றது அந்தத் தீர்ப்பு. பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் உரிமைத்தொகை வசூலிக்கும் ஐபிஆர்எஸ் சங்கம் அந்த வழக்கில் தோற்றது. அமர்வில் இருந்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், பாடகருக்குச் சட்டத்தில் எந்தப் பாதுகாப்பும் இல்லை, நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்று தனியே ஒரு குறிப்பு எழுதினார். பாடகர்களுக்கும் இசைக்கலைஞர்களுக்கும் நிகழ்த்துநர் உரிமை என்ற ஒன்று கிடைக்க 1994 வரை ஆனது. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் பறிக்க முடியாத ராயல்டி கிடைக்க 2012 வரை ஆனது. தீர்ப்புக்கும் திருத்தத்துக்கும் இடையே 35 ஆண்டுகள்.

அந்த 35 ஆண்டுகளில்தான் கேசட் வீடுவீடாக வந்தது. பிறகு சிடி, தனியார் எஃப்எம் வானொலி, காலர் டியூன், யூடியூப் என்று வரிசையாக வந்தன. ஒவ்வொரு புது ஊடகத்திலும் பழைய பாட்டு புதிதாக விற்றது. எழுதியவருக்குப் பெரும்பாலும் கிடைத்தது பாட்டு எழுதிய அன்று வாங்கிய ஒருமுறைச் சம்பளம் மட்டுமே. கண்ணதாசன் 1981இல் மறைந்தார். புதிய சட்டம் 2012 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. வாலி 2013 ஜூலையில் மறைந்தார். பல்லாயிரம் பாடல்களைத் தந்த ஒரு தலைமுறைக்கு நீதி வந்து சேர்ந்தபோது அவர்களில் பெரும்பாலோர் இல்லை.

இந்த வரலாற்றை இப்போது நினைவூட்டக் காரணம் இருக்கிறது. இன்று யூடியூபுக்கு வீடியோ எடுப்பவர், செயலியில் தொடர்கதை எழுதுபவர், ஓடிடி தொடருக்கு டப்பிங் பேசுபவர், சப்டைட்டில் மொழிபெயர்ப்பவர், தம்ப்நெயில் வடிவமைப்பவர், வீட்டு அறையில் பாட்டுப் பதிவுசெய்து ஸ்பாட்டிஃபையில் ஏற்றுபவர் ஆகிய எல்லோரும் 1977இல் பாடலாசிரியர் நின்ற இடத்தில் நிற்கிறார்கள். வேலை நடக்கிறது, பணமும் புழங்குகிறது. ஆனால் எதிர்காலத்தில் அந்தப் படைப்பு ஈட்டப்போகும் தொகை, இன்று படிக்காமல் அழுத்தும் ‘ஒப்புக்கொள்கிறேன்’ பொத்தானில் கைமாறிவிடுகிறது.

பணம் எப்படிப் பிரிகிறது?

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு பாட்டு ஒருமுறை கேட்கப்பட்டால் இவ்வளவு என்று ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் நிலையான விலை கிடையாது. சந்தா, விளம்பர வருமானத்தில் உரிமையாளர்களுக்கு என ஒதுக்கும் தொகை ஒரே உண்டியலில் விழுகிறது. மொத்தக் கேட்புகளில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று பார்த்து அந்த உண்டியல் பிரிக்கப்படுகிறது. நீங்கள் மாதம் முழுக்க ஒரு நாட்டுப்புறப் பாடகரை மட்டுமே கேட்டாலும், உங்கள் சந்தா அவருக்கு முழுமையாகப் போவதில்லை. அதில் பெரும்பகுதி, நீங்கள் கேட்டே இராத பெரிய நட்சத்திரங்களின் பங்கில் சேர்கிறது. உண்டியலிலிருந்து வெளியே வரும் பணமும் கலைஞர் கைக்கு நேராக வராது. இசை நிறுவனம், விநியோக நிறுவனம் என்று இடையில் நிற்பவர்களின் பங்கு போக மீதிதான் அவருக்கு.

2024 முதல் ஸ்பாட்டிஃபை இன்னொரு விதியையும் கொண்டுவந்தது. முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டி கிடையாது. அந்தப் பங்கும் உண்டியலுக்கே திரும்பி, அதிகம் கேட்கப்படும் பாடல்களுக்குப் போகிறது. சிறு கலைஞருக்கு அந்தத் தொகை மிகச் சிறியதுதான். ஆனாலும் உழைப்புக்கு ஊதியம் தர வேண்டுமா என்பதைத் தளம் தானாகவே, யாரையும் கேட்காமல், ஒரே அறிவிப்பில் முடிவுசெய்ய முடிகிறது என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

யூடியூபில் நீண்ட வீடியோக்களுக்கான விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் சேனல்காரருக்கு. 2023 பிப்ரவரி முதல் ஷார்ட்ஸ் வீடியோக்களுக்கு அவர்களுக்கென ஒதுக்கும் தொகையில் 45 சதவீதம். இந்த விளம்பரப் பங்கைப் பெற 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அல்லது 90 நாளில் ஷார்ட்ஸுக்கு ஒரு கோடி வியூஸ் வேண்டும். இந்த எல்லையைத் தொடாத சேனல்களின் வீடியோக்களிலும் விளம்பரம் போடலாம், அதில் சேனல்காரருக்குப் பங்கு தர வேண்டியதில்லை என்று 2020 நவம்பரில் தொடங்கி யூடியூப் தன் விதிகளை மாற்றியது. அதாவது சிறு சேனலின் உழைப்பில் தளம் சம்பாதிக்கலாம், உழைத்தவருக்கு ஒன்றுமில்லை.

இவை சேனல் சொந்தக்காரர்களின் நிலை. அவர்களுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு இந்தப் பங்குகூட இல்லை. எடிட்டர், திரைக்கதை எழுதுபவர், பின்னணிக் குரல் தருபவர், தம்ப்நெயில் வரைபவர் எல்லோருக்கும் ஒரு வீடியோவுக்கு இவ்வளவு என்று பேசி முடிப்பதே வழக்கம். அந்த வீடியோ கோடி வியூஸ் போனாலும் தொகை மாறாது. பேசிய தொகையும் பல நேரங்களில் வாட்ஸ்அப் செய்தியில் மட்டுமே இருக்கிறது.

சட்டம் தந்திருப்பதும் தராததும்

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டமும் அதன் 2012 திருத்தமும் இந்தியப் படைப்பாளிக்கு வலுவான சில கருவிகளைத் தந்திருக்கின்றன. அவற்றை அறியாமலிருப்பதே முதல் ஆபத்து.

பதிப்புரிமையை இன்னொருவருக்கு மாற்றித்தர எழுத்துவடிவ ஒப்பந்தமும் கையெழுத்தும் வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமைகள், எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு தொகை என்பவை அதில் இருக்க வேண்டும். காலம் சொல்லப்படவில்லை என்றால் 5 ஆண்டுகள். நிலப்பரப்பு சொல்லப்படவில்லை என்றால் இந்தியா மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாதவரை, அது எழுதியவரிடமே திரும்பிவிடும். ஒப்பந்தம் போட்ட காலத்தில் இல்லாத அல்லது வணிகப் புழக்கத்துக்கு வராத ஊடகத்துக்கு, அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தாலொழிய, அந்த ஒப்பந்தம் செல்லாது என்கிறது 18ஆம் பிரிவு. கேசட் காலத்து ஒப்பந்தத்தைக் காட்டி நாளைய ஊடகத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே வந்த விதி இது.

இந்த விதிகளில் ஒன்றைக் கூர்ந்து பாருங்கள். 5 ஆண்டு, இந்தியா மட்டும் என்ற பாதுகாப்பு, ஒப்பந்தம் மௌனமாக இருந்தால் மட்டுமே வேலை செய்யும். தளங்களின் வழக்கறிஞர்கள் மௌனமாக இருப்பதில்லை. ‘உலகம் முழுவதும்’, ‘நிரந்தரமாக’, ‘திரும்பப் பெற முடியாத’, ‘துணை உரிமம் வழங்கத்தக்க’ என்ற சொற்கள் தள ஒப்பந்தங்களில் வழக்கமாக வருபவை. அந்த நான்கு சொற்கள் சட்டம் தந்த இயல்பான பாதுகாப்பை அடைத்துவிடுகின்றன.

கையெழுத்துப் போட்டாலும் பறிக்க முடியாத உரிமை ஒன்று இருக்கிறது. திரைப்படத்திலோ ஒலிப்பதிவிலோ இடம்பெறும் எழுத்துக்கும் இசைக்கும் உரிய ராயல்டியில் சம பங்கை அவற்றை எழுதியவர் விட்டுக்கொடுக்கவே முடியாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே மாற்றித்தரலாம். விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கினாலும் அது செல்லாது. படம் திரையரங்கில் ஓடுவதற்கு மட்டும் இதில் விலக்கு. பாடகர், நடிகர் போன்ற நிகழ்த்துநர்களுக்கும் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உண்டு என்கிறது 38ஏ பிரிவு.

இந்தக் கவசம் யாரைக் காக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். செயலிக்குத் தொடர்கதை எழுதுபவரை, ஓவியரை, புகைப்படக்காரரை, எடிட்டரை இது காக்கவில்லை. அவர்கள் தம் படைப்பின் வருங்கால வருமானம் முழுவதையும் ஒரே கையெழுத்தில் இழக்கலாம். புகைப்படக்காரர் நிலை இன்னும் மோசம். பணம் கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும், வரையச் சொன்ன உருவப்படத்துக்கும், மாற்று ஒப்பந்தம் இல்லையென்றால் பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்கிறது 17ஆம் பிரிவு. எழுத்தாளருக்கு மௌனம் பாதுகாப்பு. புகைப்படக்காரருக்கு மௌனமே இழப்பு.

சட்டம் இருந்தாலும் பணம் தானாக வந்துவிடாது. 2012இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகும், பாட்டை ஒலிபரப்பும்போது எழுதியவருக்குத் தனியே ராயல்டி தரத் தேவையில்லை என்று வானொலி நிறுவனங்கள் வாதாடிக்கொண்டிருந்தன. தர வேண்டும் என்று மும்பை உயர் நீதிமன்றம் சொன்னது 2023 ஏப்ரலில். திருத்தம் வந்து 11 ஆண்டுகள் கழித்து. இளையராஜாவுக்கும் இசை நிறுவனங்களுக்கும் இடையிலான வழக்குகளும் இதே பாடத்தைத்தான் சொல்கின்றன. பல பத்தாண்டுகளுக்கு முன் போட்ட ஒப்பந்தத்தின் சொற்களை வைத்து, அன்று யாரும் கனவிலும் காணாத இணைய வருமானம் யாருக்கு என்று நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. வழக்கு நடத்த இளையராஜாவால் முடியும். மாதம் 10,000 ரூபாய்க்குத் தம்ப்நெயில் போடும் இளைஞரால் முடியாது.

தொழிலாளியா, பயனாளரா?

பதிப்புரிமைச் சட்டம் கைவிட்ட இடத்தில் தொழிலாளர் சட்டம் தாங்கிப்பிடிக்குமா? பாதி அளவுக்குத்தான்.

2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. தளத் தொழிலாளர் என்ற பிரிவை இந்தியச் சட்டம் முதன்முறையாக அங்கீகரித்தது இதில்தான். அதன் 7ஆம் அட்டவணையில் வாடகை வண்டி, உணவு விநியோகம் போன்ற ஒன்பது வகைத் தளங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று உள்ளடக்க, ஊடகச் சேவைகள். இந்த வரி அட்டவணையில் இருப்பது பலருக்குத் தெரியாது. இந்தத் தளங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தைத் தொழிலாளர் நலநிதிக்குத் தர வேண்டும். அந்தத் தொகை, தளம் தன் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் மொத்தப் பணத்தின் 5 சதவீதத்தைத் தாண்ட வேண்டியதில்லை.

இது விபத்து, மருத்துவம், முதுமை ஆகியவற்றுக்கான பாதுகாப்பு. கூலி பற்றியது அல்ல. குறைந்தபட்ச ஊதியம், வேலை நேரம், காரணமில்லா நீக்கத்துக்குத் தடை ஆகிய எதையும் இந்தப் பிரிவு தளத் தொழிலாளருக்குத் தரவில்லை. இன்னொரு சிக்கலும் காத்திருக்கிறது. உணவு கொண்டுபோகிறவர் தளத்துக்கு வேலை செய்கிறார் என்பதை மறுப்பது கடினம். வீடியோ ஏற்றுகிறவரையோ, அவர் எங்கள் சேவையைப் பயன்படுத்தும் பயனாளர், நாங்கள் வெறும் இடம்தான் தருகிறோம் என்று தளம் சொல்லிவிடலாம். அவரைக் கணக்கில் சேர்க்காவிட்டால் 5 சதவீதக் கணக்கில் அவருக்கான தொகையும் சேராது. விதிகளும் அறிவிக்கைகளும் இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் தராதவரை, அட்டவணையில் இருக்கும் அந்த ஒரு வரி காகிதத்திலேயே நிற்கும்.

தமிழ்நாடு அரசு 2023இல் தளம் சார்ந்த தொழிலாளர்களுக்கு நல வாரியம் அமைத்தது. பாராட்ட வேண்டிய முதல் அடி அது. ஆனால் அதைச் சுற்றி நடந்த பேச்செல்லாம் இருசக்கர வாகனத்தில் பொருள் கொண்டுசேர்ப்போரைப் பற்றியே இருந்தது. கர்நாடகம் 2025இல் இயற்றிய சட்டம் இன்னும் ஓரடி முன்னே சென்றது. ஒப்பந்த விதிகளை மாற்ற 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும், எழுத்தில் காரணம் சொல்லாமல் ஒருவரை நீக்கக் கூடாது என்கிறது அது. ஒரு படைப்பாளிக்குச் சம்பளத்துக்கு அடுத்து மிகவும் தேவைப்படுவது இந்த இரண்டும்தான்.

ஏன் என்பதை 2020 ஜூன் 29 காட்டியது. அன்று மத்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. தடைக்கான காரணங்கள் வேறு. ஆனால் அந்தச் செயலியை நம்பி வருமானம் ஈட்டிய கலைஞர்களுக்கு, அவர்களில் பலர் கிராமத்திலிருந்து வந்த ஆண்களும் பெண்களும், இரவோடு இரவாகப் பார்வையாளரும் வருமானமும் போயின. நிவாரணம் கேட்க ஓர் அலுவலகம்கூட இல்லை. அரசுத் தடைதான் வர வேண்டும் என்பதில்லை. யூடியூபில் 90 நாளுக்குள் மூன்று பதிப்புரிமை ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே போகலாம். புகார் கொடுத்தவர் சொல்வது சரியா என்று நீதிமன்றம் பார்ப்பதற்கு முன்பே வருமானம் நின்றுவிடுகிறது.

இயந்திரம் கேட்கும் குரல்

இதுவரை சொன்னவை ஏற்கெனவே நடப்பவை. இனி வருவது இன்னும் விரைவாக வருகிறது.

2024 ஜனவரியில் ‘லால் சலாம்’ படத்தின் ஒரு பாட்டில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவு மூலம் ஏ.ஆர். ரஹ்மான் கொண்டுவந்தார். குடும்பத்தாரின் அனுமதி பெற்றதாகவும் உரிய தொகை கொடுத்ததாகவும் அவரே தெரிவித்தார். அதே காலகட்டத்தில் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலை அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக ஒரு தெலுங்குப் படக்குழுவுக்கு அவருடைய குடும்பம் சட்ட அறிவிக்கை அனுப்பியது. ஒரே தொழில்நுட்பம், ஒரு பக்கம் அனுமதியும் ஊதியமும், மறுபக்கம் இரண்டும் இல்லை என்ற குற்றச்சாட்டு. எது நடக்கும் என்பது இன்று எதிரில் இருப்பவரின் நேர்மையைப் பொறுத்திருக்கிறது. உரிமை என்பது அடுத்தவர் நேர்மையை நம்பி இருக்கக் கூடாது.

அதே ஆண்டு ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம், பாடகர் அரிஜித் சிங்கின் குரலைச் செயற்கையாக உருவாக்கித் தரும் தளங்களுக்கு எதிராக இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. நல்ல உத்தரவு. ஆனால் அது புகழ்பெற்ற குரலுக்குக் கிடைத்த பாதுகாப்பு. பெயர் தெரியாத டப்பிங் கலைஞர் தம் குரல் எங்கே, எந்த விளம்பரத்தில் பேசுகிறது என்று கண்டுபிடிப்பதே கடினம். அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் ‘எல்லாத் தொழில்நுட்பங்களிலும்’ என்ற தொடர் இருந்தால், கண்டுபிடித்த பிறகும் வாதாட வேண்டியவர் அவரேதான்.

யூடியூபில் ஏறிய வீடியோக்களில் ஒரு பகுதியைக் கூகுளின் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்குப் பயிற்சி தரப் பயன்படுத்துவதை அந்நிறுவனமே 2025இல் உறுதிப்படுத்தியது. அமெரிக்காவில் அதே ஆண்டு ஆந்த்ரோபிக் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனம், திருட்டு நூல்தொகுப்புகளிலிருந்து நூல்களைத் தரவிறக்கியது தொடர்பான வழக்கில் 150 கோடி டாலர் தர உடன்பட்டது. ஒரு நூலுக்கு ஏறத்தாழ 3,000 டாலர். அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் உரிய காலத்துக்குள் பதிவான நூல்களுக்கு மட்டுமே அந்தத் தொகை. பதிவு செய்யாத நூலின் ஆசிரியருக்கு, அவர் நூலும் அதே தொகுப்பில் இருந்திருந்தாலும், ஒன்றுமில்லை. பதிவேட்டில் பெயர் இல்லாதவர் இழப்பீட்டு வரிசையிலேயே நிற்க முடியாது என்பது தமிழ் எழுத்தாளருக்கு இதில் உள்ள எச்சரிக்கை.

நம் நாட்டிலும் முடிவெடுக்கும் நேரம் இதுதான். மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வணிக மேம்பாட்டுத் துறை அமைத்த குழு 2025 டிசம்பரில் ஒரு வரைவை வெளியிட்டது. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் படைப்புகளைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம், படைப்பாளி மறுக்க முடியாது, பதிலுக்கு ஒரு மைய அமைப்பு வழியே ராயல்டி கிடைக்கும் என்பது அதன் சாரம். ராயல்டி என்ற சொல் இனிக்கிறது. மறுக்கும் உரிமையை விலையாகக் கொடுத்து வாங்கும் ராயல்டி அது. எவ்வளவு, யார் கணக்குப் பார்ப்பார்கள், சிறு மொழிகளின் சிறு படைப்பாளிக்கு எப்படிப் போய்ச்சேரும் என்ற கேள்விகளை இப்போதே கேட்காவிட்டால், பிறகு கேட்க ஒரு வழக்கும் இன்னொரு 35 ஆண்டுகளும் தேவைப்படும்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

மாற்றம் முடியாதது அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் கொண்டுவந்த பதிப்புரிமை ஆணை, படைப்பாளிக்குப் பொருத்தமான, விகிதாசார ஊதியம் வேண்டும் என்கிறது. படைப்பு எவ்வளவு சம்பாதித்தது என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது கணக்குத் தர வேண்டும் என்கிறது. முதலில் பேசிய தொகை பிறகு கிடைத்த வருமானத்தோடு ஒப்பிட மிகக் குறைவாக இருந்தால் கூடுதல் கேட்கும் உரிமையையும் தருகிறது. கனடாவில் 1992இல் இயற்றிய மத்தியச் சட்டம், தனித்து இயங்கும் கலைஞர்கள் கூட்டாகப் பேரம் பேச வழி செய்திருக்கிறது.

ஹாலிவுட் எழுத்தாளர்கள் 2023 மே 2 முதல் 148 நாட்கள் பேனாவைக் கீழே வைத்தார்கள். ஓடிடி தளங்கள் பார்வை எண்ணிக்கையை மறைத்ததும், செயற்கை நுண்ணறிவு பற்றிய அச்சமும் அதற்குக் காரணங்கள். முடிவில், தளத்தின் உள்நாட்டுச் சந்தாதாரர்களில் 20 சதவீதத்துக்கு இணையான பார்வை முதல் 90 நாளில் கிடைத்த தொடருக்குக் கூடுதல் தொகை, பார்வைக் கணக்கைச் சங்கத்துக்குக் காட்டும் கடமை, இயந்திரத்தை எழுத்தாளராகக் கருத முடியாது என்ற விதி ஆகியவை ஒப்பந்தத்தில் ஏறின. யாரும் அவற்றைத் தானமாகத் தரவில்லை. சங்கம் இருந்ததால், ஐந்து மாதம் வருமானம் இழந்தும் ஒன்றாக நின்றதால் கிடைத்தன. தமிழ்த் திரையுலகில் ஒவ்வொரு கைத்தொழிலுக்கும் ஒரு சங்கம் இருக்கிறது, எல்லாவற்றையும் இணைக்கப் பெப்சி என்ற கூட்டமைப்பு இருக்கிறது. இணையத்தில் அதே வேலையைச் செய்பவருக்கு அப்படி ஒன்று இல்லை.

இன்றே செய்ய வேண்டியவை

சட்டம் மாறும்வரை கையில் இருப்பதைப் பயன்படுத்துங்கள்.

வேலை ஏற்கும் முன் மத்திய அரசின் உத்யம் இணையதளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்யுங்கள். கட்டணம் இல்லை, ஆதாரும் பான் எண்ணும் போதும். பதிவு செய்த சிறு சேவையாளருக்கு, ஒப்பந்தம் எதுவாக இருந்தாலும், 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. இணையவழியே புகார் தரலாம். குறித்த காலத்தில் பணம் தராத நிறுவனம், பணத்தைக் கொடுக்கும் ஆண்டில்தான் அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியும். பணம் கேட்டுக் கெஞ்சுவதைவிட இந்த ஒரு வரியைக் கடிதத்தில் எழுதுவது பயன் தரும்.

முக்கியமான படைப்பைப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். எழுத்து, இசை, ஓவியத்துக்குக் கட்டணம் 500 ரூபாய். உரிமை பதிவில்லாமலும் பிறந்துவிடும். ஆனால் நீதிமன்றத்தில் முதல் சான்று பதிவேடுதான். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ஐபிஆர்எஸ் உறுப்பினராகுங்கள். உறுப்பினர் அல்லாதவருக்கு ராயல்டி தேடிக்கொண்டு வராது. யூடியூபர்கள் அமெரிக்க வரிப் படிவத்தைக் கொடுத்துவிடுங்கள். கொடுத்தால் அமெரிக்கப் பார்வையாளர் வழி வருமானத்தில் மட்டும் 15 சதவீதம் பிடிப்பார்கள். கொடுக்காவிட்டால் உலக வருமானம் முழுவதிலும் 24 சதவீதம் வரை போகலாம்.

ஒப்பந்தத்தில் ஐந்து கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள். எவ்வளவு காலத்துக்கு? எந்தெந்த ஊடகத்துக்கு? இயந்திரப் பயிற்சிக்கும் குரல் நகலுக்கும் உரிமை போகிறதா? கணக்கு எப்போது காட்டப்படும்? தகராறு எந்த ஊர் நீதிமன்றத்துக்குப் போகும்? புகைப்படக்காரர் ‘பதிப்புரிமை எனக்கே’ என்ற ஒரு வரியை மின்னஞ்சலிலாவது எழுதி, எதிர்த்தரப்பின் ஒப்புதலை வாங்கி வையுங்கள். மூலக் கோப்புகளையும் செய்திகளையும் அழிக்காதீர்கள். உங்கள் படைப்பை யாராவது திருடினால், ஒப்பந்தம் எதுவும் குறுக்கே நிற்காதவரை, நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம்; பதிப்புரிமைச் சட்டத்தின் 62ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. பொய்யான பதிப்புரிமை மிரட்டலுக்கு எதிராக நீதிமன்றம் போக 60ஆம் பிரிவு இருக்கிறது. தளத்தின் குறைதீர் அலுவலர் தீர்க்காவிட்டால், மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையத்திலேயே முறையிடலாம்.

அரசிடம் கேட்க வேண்டியவை மூன்று. பறிக்க முடியாத ராயல்டி உரிமையைத் தொடர்கதை எழுத்தாளர், ஓவியர், புகைப்படக்காரர், குரல் கலைஞர் எல்லோருக்கும் விரிவாக்க வேண்டும். தளங்கள் ஆண்டுக்கு ஒருமுறை வருமானக் கணக்குத் தருவதையும், விதி மாற்றத்துக்கு முன்னறிவிப்புத் தருவதையும் கட்டாயமாக்க வேண்டும். தமிழ்நாட்டு நல வாரியத்தின் கதவு படைப்புத் தொழிலாளருக்கும் திறந்திருக்கிறது என்று அரசு வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்.

1977இல் பாடலாசிரியர்களைக் காக்கச் சட்டம் இல்லை. அவர்கள் இழந்ததற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. நம்மிடம் பாதிச் சட்டமாவது இருக்கிறது, அவர்கள் பட்ட இழப்பின் வரலாறும் இருக்கிறது. மீதிப் பாதியைத் தனி ஆளாகக் கேட்டால் எந்தத் தளமும் தராது. எடிட்டர்களே, எழுத்தாளர்களே, குரல் கலைஞர்களே, ஓவியர்களே, அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் சங்கமாகச் சேருங்கள்.